நிறம்: பின்னர் தெரிவிக்கப்படும்

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அதுவே நலம் என்று வைத்துக்கொள். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நின்றே வண்டி விற்கிற உனக்கும், உட்கார்ந்தே வண்டி ஓட்டிய எனக்கும் ஒரே இடத்தில் வலி. அம்மா நம்மைப் பெற்றதிலேயே அந்த இடத்தில் ஏதோ கோளாறு.

போனில் பேசினால் நமக்கு 'சாப்பிட்டியா'வைத் தாண்டிப் பேச்சு வராது. அதனால் கடிதம்.

முதலாளியிடம் டிசம்பரோடு நின்றுவிட்டேன். முப்பத்தோரு வருஷம் அவருக்கு டிரைவர். "என்னப்பா திடீர்னு?" என்று கேட்டார். "போதுங்க" என்றேன். சாவியை மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான்.

இப்போது எனக்கென்று ஒரு வண்டி வாங்கப் போகிறேன். சிரிக்காதே. உங்கள் ஷோரூமில் புதிதாக வந்திருக்கிறதே, தாழ்வாக, பாயப்போகிற பூனை மாதிரி ஒரு செடான், அதுதான். குடும்பத்துக்கு ஏற்றது, முதுகுக்கு நல்லது என்று வேறு எதையும் காட்டாதே. நிற அட்டையும் வசதிப் பட்டியலும் அனுப்பு.

உன் வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் நலம் நாடும்,
அண்ணன்


ஜனவரி 15

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பியின் வணக்கம். இடுப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது. இங்கே எல்லாரும் சுகம்; சின்னவளுக்கு மட்டும் இருமல் விட்டபாடில்லை.

உன் கடிதத்தை டீ இடைவேளையில் படித்தேன். டீ ஆறிப்போனது. பதினாறு வருஷமாக யார் யாருக்கோ வண்டி கொடுத்துவிட்டேன், நம் வீட்டுக்கு ஒன்று கொடுத்ததில்லை.

அட்டையும் பட்டியலும் இத்துடன் இருக்கின்றன. நிறங்களுக்குக் கம்பெனி வைத்திருக்கும் பெயர்களைப் பார்த்து மயங்காதே. 'புயல்மேகம்' என்பது அடுப்புக்கரி. 'பனிமுத்து' என்பது வெள்ளை. 'ஆழ்கடல்' கொஞ்சம் நியாயமான நீலம். 'தீக்கொழுந்து' என்று ஒரு சிவப்பு இருக்கிறது, செம்பும் மிளகாயும் கலந்த மாதிரி. எல்லாரும் அதைத் தொட்டுப் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், பிறகு வெள்ளையை வாங்குவார்கள். போன வருஷம் முழுக்க ஒரே ஒரு தீக்கொழுந்து விற்றேன், அதுவும் ஒரு பல் டாக்டருக்கு.

கியர் கையால் போடுவதா, தானாக மாறுவதா? மேல்கூரையில் கண்ணாடி வேண்டுமா? பின்னால் டிக்கி மேல் சின்னதாக ஒரு வால் (ஸ்பாய்லர்) வைப்பார்கள், வேண்டுமா? பின்சீட்டுக்குத் தனி ஏசி, தனி விளக்கு, கை வைக்க மெத்தை. ஒவ்வொன்றாக டிக் போட்டு அனுப்பு.

அண்ணி தையல் கம்பெனி வேலைக்கு இன்னும் அதே இரண்டு பஸ் மாறித்தான் போகிறார்களா? இனி அந்தக் கஷ்டம் விட்டது.

அன்புடன்,
உன் தம்பி


ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். சின்னவளுக்கு இருமல் நின்றதா?

பட்டியலை மூன்று முறை படித்தேன். என் முடிவுகள் கீழே.

பின்சீட்டுக்கு ஒன்றும் வேண்டாம். ஏசி வேண்டாம், விளக்கு வேண்டாம், மெத்தை வேண்டாம். முப்பத்தோரு வருஷம் பின்சீட்டுக்காரர்களுக்குக் குளிருகிறதா, புழுங்குகிறதா என்று கவலைப்பட்டாகிவிட்டது. முதலாளியின் மாமியார் ஒருத்தி, ஏசி போட்டால் "சளி பிடிக்குது" என்பாள், அணைத்தால் "மூச்சு முட்டுது" என்பாள். கடைசியில் நான் பொத்தானை அமுக்குவதுபோல் பாவனை மட்டும் செய்வேன். "இப்ப சரியா இருக்கு" என்பாள். அந்தச் சீட்டில் இனி யார் உட்கார்ந்தாலும் அவர்கள் பாடு.

கியர் கையால்தான். கியர் போடாத கை எனக்கு எதற்கு?

வால் வேண்டும். ஏன் என்று கேட்காதே.

நிறம் இன்னும் முடிவாகவில்லை. முதலாளி ஏழு வண்டி மாற்றினார், ஏழும் வெள்ளை. ஏழையும் நான்தான் தினம் துடைத்தேன். வெள்ளையில் ஒரு கொசு உட்கார்ந்தாலும் தெரியும். வெள்ளை தவிர எதுவானாலும் சரி. உன் அண்ணி அட்டையை ஜன்னலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தாள். "எனக்கென்ன, நீங்க ஓட்டுற வண்டி" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஆசிகளுடன்,
அண்ணன்


பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். சின்னவள் தேறிவிட்டாள், இருமலை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டாள்.

உன் பெயரில் பதிவு செய்துவிட்டேன். படிவத்தின் ஒரு நகல் இத்துடன். கியர்: கையால். வால்: உண்டு. பின்சீட்டு: ஒன்றும் இல்லை (எங்கள் மேனேஜர் இதைப் பார்த்துவிட்டு, "கஸ்டமர் தனிக்கட்டையா?" என்று கேட்டார்). நிறத்துக்கு நேரே 'பின்னர் தெரிவிக்கப்படும்' என்று எழுதியிருக்கிறேன். ஏப்ரல் கடைசிக்குள் சொன்னால் போதும். அதற்குப் பிறகு பணியாளர் குடும்பத்துக்கான சலுகை போய்விடும்.

மாதக் கடைசி விற்பனை இப்போதுதான் முடிந்தது. முகத்தில் சிரிப்பை மாட்டிக்கொண்டு நின்று நின்று வீட்டுக்கு வந்தபிறகும் அது கழல மறுக்கிறது. உன் படிவத்தை நிரப்பின அரை மணி நேரம்தான் உண்மையாகச் சிரித்தேன்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

நலமே. பதில் தாமதம், வேலை ஒன்றும் இல்லாததால் நேரமே கிடைப்பதில்லை.

சில மாற்றங்கள். கியர் தானாக மாறுவதாகவே இருக்கட்டும். பக்கத்தில் வண்டி வந்தால் கண்ணாடியில் ஒரு விளக்கு எரியுமாமே, பட்டியலின் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது, அது வேண்டும். இரண்டு பக்கமும். முன்னால், பின்னால், ஓரத்தில் எது நெருங்கினாலும் சத்தம் போடுகிற கருவியும் வேண்டும். இருக்கிற கேமரா எல்லாவற்றையும் போடு.

நிறம் வெள்ளையே இருக்கட்டும். தூரத்திலிருந்தே எல்லாருக்கும் தெரியும், ஒதுங்கிக்கொள்வார்கள்.

வால் வேண்டாம்.

அண்ணன்


மார்ச் 28

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீயும் அண்ணியும் நலந்தானே?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, இது நம் அண்ணன்தானா என்று கையெழுத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். ஜனவரியில் கியர் போடாத கை எதற்கு என்றாய். வெள்ளை தவிர எதுவானாலும் என்றாய். 'உன் அண்ணனுக்கு முதுகிலும் ரெண்டு கண்ணு' என்று முதலாளி என்னிடமே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட உனக்கு எதற்கு இத்தனை விளக்கும் மணியும்? அது புதிதாக ஓட்டக் கற்றவர்கள் கேட்பது.

கேலிக்குத்தான் சொன்னேன். கேட்டதைப் போட்டுவிடுகிறேன். நிறத்தை மட்டும் இன்னும் எழுதவில்லை, நன்றாக யோசித்துச் சொல்.

உடம்பு ஒன்றும் இல்லையே?

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன் செய்தால் "சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா?" என்று வைத்துவிடுகிறாய்.

இந்த மாதம் முப்பதோடு கெடு முடிகிறது. மேனேஜரிடம் கெஞ்சி ஜூன் வரை வாங்கியிருக்கிறேன். ஒரு வரி எழுது.

தம்பி


மே 3

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நீங்களும் பிள்ளைகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நான் உங்களுக்குக் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆகிறது என்று நினைவில்லை. இதை எழுதியதாக அவரிடம் காட்டிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் அண்ணன் வெறுமனே வேலையை விட்டு நிற்கவில்லை. அவர் சட்டைப் பையில் ஒரு சொட்டு மருந்து பாட்டில் இருந்தது. நாள் முழுக்க நூலும் துணியும் பொருந்துகிறதா என்று பார்க்கிற எனக்கு, வீட்டில் இருக்கிற மனிதர் கதவு நிலையில் தோள் இடித்துக்கொள்வது தெரியாமலா போகும்? மேசையில் ஓரமாக வைத்த தம்ளரைத் தட்டிவிடுகிறார். தட்டிவிட்டு, "இங்க யாரு வச்சது?" என்கிறார். நானும் "நான்தான்" என்று துடைத்துவிடுகிறேன்.

மருந்தின் பெயரை எழுதிக்கொண்டு போய் எங்கள் கம்பெனி நர்ஸிடம் கேட்டேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற நோயாம். ஓரப் பார்வை முதலில் போகுமாம். போனது வராதாம்.

என்னிடம் அவர் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தினம் நிற அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி. வேலை முடிந்து வந்தால் யோசிக்கவும் தெம்பு இல்லை. உங்களிடம் சொல்லிவிட்டால் பாதிப் பாரம் குறையும் என்று எழுதினேன்.

உங்கள் மனைவியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அண்ணி


மே 14

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை உன் கையெழுத்தில் பார்த்து நாளாகிறது.

வண்டி பற்றி ஒரு வார்த்தை. எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வாங்குகிறவர் முதலில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும், பக்கத்தில் நாங்கள் யாராவது உட்கார்ந்திருப்போம். நீ ஒருநாள் இங்கே வா. நீ ஓட்டு, இடது பக்கம் நான் உட்கார்ந்து கொள்கிறேன். ஊரைச் சுற்றி ஒரு வட்டம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ என்ன நிறம் சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

தினமும் பத்துப் பேரிடம் 'உங்களுக்கு இது ரொம்பப் பொருத்தம்' என்று சொல்கிறவன் நான். பாதி பொய். உன்னிடம் பொய் சொல்லி ஒரு வண்டியை விற்க எனக்கு மனமில்லை. வருகிறாயா?

உன் தம்பி


ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. நான் வரவில்லை. வந்தால் இடது பக்கம் உட்காருகிற நீ எனக்குத் தெரியமாட்டாய்.

உன் அண்ணி உனக்கு எழுதியிருப்பாள். எழுதினாளா என்று கேட்கமாட்டேன், நீயும் சொல்லாதே.

டிசம்பர் பதினாலாம் தேதி காலை. முதலாளியை மில்லில் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். மருந்துக்கடை முனையில் இடது பக்கம் திரும்ப வேண்டும். கண்ணாடி பார்த்தேன், யாருமில்லை. திருப்பினேன். டங்கென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் சைக்கிளோடு ஒரு பெண் விழுந்து கிடக்கிறாள். ஆஸ்பத்திரிச் சீருடை, உன் பெரியவளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கும். முழங்கையில் சிராய்ப்பு, வேறு ஒன்றுமில்லை. எழுந்து துணியைத் தட்டிக்கொண்டு, "ஸாரிங்க, நான்தான் ஓரமா வந்திருக்கணும்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அவள் ஓரமாகத்தான் வந்தாள், தம்பி. எனக்குத்தான் ஓரம் இல்லை.

வழியெல்லாம் "வலிக்குதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டேன். உள்ளே போகும்போது திரும்பி, "டென்ஷன் ஆகாதீங்க, பாத்துப் போங்க" என்றாள். பார்த்துப் போ என்று என்னிடம் சொல்கிறாள். அன்று மாலையே சாவியைக் கொடுத்துவிட்டேன்.

பிறகு கண் டாக்டரிடம் போனேன். கிண்ணம் மாதிரி ஒரு மிஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். வெளிச்சப் பொட்டு தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். நடுவில் சில பொட்டு வந்தது, அமுக்கினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் காத்திருந்துவிட்டு, "ஓரத்துல எப்பம்மா காட்டுவீங்க?" என்று கேட்டேன். "அது முடிஞ்சிடுச்சுங்க" என்றாள் மிஷின் பார்க்கிற பெண்.

வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் அன்றே சொல்லிவிட்டார். இதெல்லாம் தெரிந்துதான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால் என்ன சொல்வது? சொந்தமாக வண்டி வந்து நின்றுவிட்டால் கண் வழிக்கு வந்துவிடும் என்று தோன்றியது. ஐம்பத்தெட்டு வயதில் இப்படியொரு மடத்தனம். மார்ச்சில் மறுபடி அந்தக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தேன். இன்னும் கொஞ்சம் போயிருந்தது. அப்போதுதான் விளக்கும் மணியும் கேட்டு உனக்கு எழுதினேன். நீ கேலி செய்தாய், உன்மேல் தப்பில்லை.

நேற்று உன் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றாள். "எப்பலேர்ந்து?" என்றேன். "தம்ளரை நகத்தி வைக்க ஆரம்பிச்சதுலேர்ந்து" என்றாள். நான்தான் கவனிக்கவில்லை, ஒரு மாதமாக மேசையில் எல்லாம் எனக்கு நேரே வந்து நின்றிருக்கிறது.

பதிவை ரத்து செய்துவிடு. களைப்பாக இருக்கிறது.

அண்ணன்


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. அனைவரும் நலமா? இந்தக் கடிதம் அவருக்குத் தெரிந்தே எழுதுவது. எதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கிறார்.

பதிவை ரத்து செய்ய வேண்டாம். என் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

உங்களுக்கு எழுதிய மறுவாரமே டிரைவிங் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். வேலை முடிந்து அரை மணி நேரம். சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு வயது இருபத்துநாலு. "அம்மா, ஸ்டீயரிங்கை கழுத்தைப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க" என்கிறாள். பிடிக்காமல்? யார் யார் கழுத்தெல்லாமோ நினைவுக்கு வருகிறது. இவர் கடந்த முப்பத்தோரு வருஷம் எந்தெந்த வீட்டுப் பெண்களையோ எங்கெங்கேயோ கொண்டுபோய் இறக்கினார். நான் அவ்வளவு காலமும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை, வேலை அப்படி. ஆனால் வண்டி வேண்டாம் என்று அவர் மட்டும் முடிவு செய்ய முடியாது.

எனக்கு வேண்டியவை: கியர் கையால். கற்றுக்கொண்டதே அப்படித்தான், இனிமேல் மறக்க முடியாது. சீட்டை உயர்த்துகிற வசதி, நான் குள்ளம். விளக்கும் மணியும் இருக்கட்டும், எனக்குப் பயம் உண்டு. வாலுக்கு அவர் ஆசைப்பட்டாராம், வையுங்கள்.

நிறம் தீக்கொழுந்து. அவர் நீலம் என்கிறார். நீலம் சாயங்காலம் ஆனால் கறுப்பாகிவிடும். இங்கே இருக்கிற ஷோரூமுக்குப் போய், கதவுத் துண்டை வெயிலில் வைத்துக் காட்டச் சொன்னேன். அங்கிருந்த பையன், "இது யங்ஸ்டர்ஸ் வாங்குற கலர்ம்மா" என்றான். "சரி, அதையே எடுத்துக்கிறேன்" என்றேன். இத்தனை வருஷம் அடுத்தவர் சட்டைக்கு நூல் பொருத்தம் பார்த்தாயிற்று. இது நான் கட்டிக்கொள்கிற சேலை மாதிரி.

கூரைக் கண்ணாடி வேண்டாம். வெயில் போதும் போதும் என்று இருக்கிறது.

அண்ணி

(அடியில் வேறு கையெழுத்தில்: ரெண்டாவது கியரில் வண்டியை அழ வைக்கிறாளாம். நீயே பார்த்துக்கொள்.)


ஜூன் 16

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இருவருக்கும் வணக்கம்.

மாற்றிவிட்டேன். நிறத்துக்கு நேரே 'தீக்கொழுந்து' என்று என் கையால் எழுதினேன். பல் டாக்டருக்குப் பிறகு இரண்டாவது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நிச்சயமா? அப்புறம் மாத்த முடியாது" என்றார். தலையை ஆட்டினேன்.

அண்ணா, மார்ச்சில் கேலி செய்ததற்கு...

செப்டம்பர் கடைசியில் வண்டி வரும். நானே கொண்டுவந்து தருகிறேன்.

தம்பி


அக்டோபர் 20

அன்புள்ள தம்பிக்கு,

நீ சாவியைக் கொடுத்துவிட்டு ரயில் ஏறி மூன்று வாரமாகிறது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று போனில் சொன்னாய், சாப்பிட்டாய் என்றும் சொன்னாய். மற்றதை இதில் எழுதுகிறேன்.

உன் அண்ணிக்கு லைசென்ஸ் இரண்டாவது தடவையில் கிடைத்தது. முதல் தடவை பின்னால் எடுக்கும்போது ஒரு கம்பத்தைச் சாய்த்தாளாம். இப்போது தினமும் கம்பெனிக்கு வண்டியில்தான் போகிறாள். பாயப்போகிற பூனை என்று எழுதினேன் இல்லையா, அதைக் கட்டி இழுத்துக்கொண்டு முப்பதிலேயே போகிறாள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தால், "அவசரம்னா மேல ஏறிப் போகட்டும்" என்கிறாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு வெளியே பெரிய சாலையில் போகலாம் என்று காலையில் கூப்பிட்டாள். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடி மிதித்துக்கொண்டே வந்தது. "கியரை எறக்கு. கண்ணாடியப் பாரு. லாரிக்குப் பின்னாடி ஒட்டாத." அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "முதலாளி வீட்டுக்காரங்க உங்ககிட்ட இப்படித்தான் பேசிட்டே வருவாங்களா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். "அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்றாள். வலது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நேர்ச்சாலை. இரண்டு பக்கமும் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. முன்னால் சாலை மட்டும் தெரிந்தது, அது வந்துகொண்டே இருந்தது.

கண் விழித்தபோது வண்டி நின்றிருந்தது. பூட்டிக் கிடந்த ஒரு டயர் கடை வாசலில், மர நிழலில். இஞ்சின் அணைத்திருந்தது, கண்ணாடிகள் இறங்கியிருந்தன. உன் அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு, கிளட்ச் மிதித்து வலித்த காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு? ஏன் நிறுத்தின?"

"நீங்க தூங்கிட்டீங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஓடுகிற வண்டியில் நான் தூங்கியதே கிடையாது, தம்பி. பஸ்ஸில்கூட, அடுத்தவன் ஓட்டுகிறானே என்று விழித்துக்கொண்டே வருவேன்.

"எவ்வளவு நேரமா நிக்கிறோம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும். குறட்டை வேற."

"எழுப்பியிருக்கக் கூடாதா?"

"எதுக்கு?" என்று கேட்டாள்.

எனக்காக யாரும் எங்கேயும் காத்திருக்கவில்லை, யாரையும் எங்கேயும் இறக்கிவிட வேண்டியதில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு சாவியைத் திருப்பினாள். "வீட்டுக்குத் திரும்பவா, இன்னும் கொஞ்ச தூரம் போகட்டுமா?"

"போ" என்றேன். சீட்டைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டேன்.

பிள்ளைகளுக்கு என் அன்பு. இடுப்பைப் பார்த்துக்கொள்.

உன்,
அண்ணன்